ஓவியத்தைப் பார்ப்பவரைப் படம் எடுப்பது: எந்த வழி, யாருடைய கருத்து?

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. வயதான ஒருவர், முதுகு மட்டும்தான் தெரியும். அவருக்கு எதிரே ஆளைவிடப் பெரிய கடல் ஓவியம். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருக்கிறார். வலது கையில் மடித்த மியூசிய வரைபடம் ஒன்று, கசங்கிப்போய். எடுத்த அன்று ராத்திரியே நண்பர்கள் குழுவில் போட்டேன். பதினேழு கட்டைவிரல், நான்கு இதயம், 'செம' என்று மூன்று பேர். காலையில் எழுந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்தேன். அந்தப் படத்தைப் பற்றி முந்தைய நாள் எனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூடத் தெரியவில்லை.

மியூசியத்துக்கு வருபவர்களைப் படம் எடுக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா, எந்த லென்ஸ் என்றுதான். அதைச் சீக்கிரமே முடித்துவிடலாம். முடிவு செய்யவேண்டியது வேறு இரண்டு விஷயம். ஒன்று, எப்படி எடுப்பது: அவருக்குத் தெரியாமலா, கேட்டுவிட்டா, நிற்கவைத்தா? இன்னொன்று, எடுத்ததை யாரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது? இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு படத்தை எடுத்த விதம்தான் அதைப் பற்றிப் பேசத் தகுந்த ஆள் யார் என்பதையும் முடிவு செய்கிறது.

தெரியாமல் எடுத்தால்

இந்த வழியில் இருக்கும் ஆசை எனக்குப் புரியும். மியூசியத்தில் ஆட்கள் அசையாமல் நிற்கிறார்கள். அவர்கள் கவனம் வேறெங்கோ இருக்கிறது. பின்னணியை ஏற்கெனவே யாரோ யோசித்து, விளக்குப் போட்டு, நேராகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தெருவில் அலைந்து எடுப்பவருக்கு இவ்வளவு வசதி கிடைக்காது.

புகைப்படக்காரர் எலியட் எர்விட் 1995இல் மாட்ரிட்டின் பிராடோ மியூசியத்தில் எடுத்த படம் ஒன்றைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்பெயின் ஓவியர் கோயா 'மாஹா' என்ற பெயரில் ஒரே பெண்ணை வரைந்த ஓவியங்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் அவள் உடையோடு படுத்திருக்கிறாள், மற்றதில் உடை இல்லாமல். உடையில்லாத மாஹாவுக்கு முன்னால் ஆண்கள் கும்பலாக நிற்கிறார்கள். உடையணிந்த மாஹாவுக்கு முன்னால் ஒரே ஒரு பெண். அவ்வளவுதான் படம். இதே ஆட்களை வரவழைத்து இதே மாதிரி நிற்கச் சொல்லியிருந்தால் அது விளம்பரப் படம் ஆகியிருக்கும். தானாக நடந்தது என்று நாம் நம்புவதால்தான் சிரிப்பு வருகிறது.

ஸ்டீஃபன் டிராஷான் இன்னொரு வகை. ஓவியத்தின் நிறமும் கோலமும் யாருடைய சட்டையிலாவது, தலைமுடியிலாவது வந்து நிற்கும்வரை மியூசியத்தில் காத்திருந்து எடுப்பவர். பொறுமைக்குக் கும்பிடு போடலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே கிளம்பினால் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடுபோட்ட சட்டைக்காரர் கோடுபோட்ட ஓவியத்துக்கு முன்னால் நிற்கும் படம் முதல் தடவை புன்னகை வரவழைக்கும். நாலாவது தடவை 'சரி, புரிந்தது' என்று விரல் தள்ளிவிட்டுப் போகும். என் முதல் ஐந்தாறு மாதப் படங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். கைதட்டலும் அவற்றுக்குத்தான் அதிகம் கிடைத்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

தெரியாமல் எடுப்பதில் கை பழகவேண்டிய நுட்பம் கொஞ்சம் உண்டு. ஃப்ளாஷும் கேமரா முக்காலியும் அநேகமாக எங்கும் கூடாது. பழைய காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் வைத்த அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வைப்பார்கள். எண்ணெய் வண்ணம் என்றால் 150, 200 வரை போகும். 50 லக்ஸில் லென்ஸின் திறப்பை எஃப்/2இலும், கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 3200இலும் வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடிக்குப் பக்கத்தில் நிற்கும். நிற்பவருக்கு அது தாராளம், நடப்பவர் லேசாகக் கலங்குவார். ஆனால் அந்த 50 லக்ஸ் சுவரில் விழுவது. விளக்கெல்லாம் ஓவியத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பார்ப்பவரின் முகத்துக்குக் கிடைப்பது ஓவியத்தில் பட்டுத் திரும்பும் மிச்சம் மட்டுமே. முகம் வேண்டுமென்றால் ஒரு ஸ்டாப்போ இரண்டு ஸ்டாப்போ கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). முதுகு போதுமென்றால் கவலையே இல்லை.

கேமரா சத்தம் போடக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றுவோம். சில எல்இடி விளக்குகளின் கீழ் அது படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு போட்டுவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. ஷட்டரை 1/100இலோ 1/50இலோ வைத்தால் பெரும்பாலும் போய்விடும். 60 ஹெர்ட்ஸ் இருக்கும் நாடுகளில் 1/60, 1/120. கேமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் இந்தக் கோடுகள் பெரும்பாலும் தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிதாக்கும்போதுதான் பல்லிளிக்கும். ஒரு முழு நாளை நான் இப்படிக் காவு கொடுத்திருக்கிறேன்.

கஷ்டமான பகுதி இதற்கெல்லாம் அப்புறம்தான். வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கேமராவை மறைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் எட்டிப் பார்க்கும்படி வைத்துப் பயணிகளை எடுத்தார். அவை புத்தகமாக வந்தது 1966இல். இடையில் ஏறக்குறைய 25 வருடம். நம் கையில் இருக்கும் படம் 25 நொடிகூடக் காத்திருப்பதில்லை.

சட்டமும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இல்லை. 1898இல் ஜெர்மனியின் முன்னாள் சான்ஸலர் பிஸ்மார்க் இறந்துகிடந்த அறைக்குள் இரண்டு படப்பிடிப்பாளர்கள் ரகசியமாகப் புகுந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கலவரத்தின் தொடர்ச்சியாக ஜெர்மனியில் 1907இல் ஒரு சட்டம் வந்தது. ஒருவரின் படத்தைப் பரப்பவோ காட்சிக்கு வைக்கவோ அவர் சம்மதம் வேண்டும் என்பது அதன் பொது விதி, சில விலக்குகளோடு. கனடாவில், மான்ட்ரியலில் ஒரு படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படம் 1988இல் ஒரு கலைப் பத்திரிகையில் அவரைக் கேட்காமல் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1998இல் பெண்ணுக்குச் சாதகமாக முடிந்தது. நஷ்டஈடு 2,000 டாலர். அந்தப் படத்தில் கேவலமாக எதுவும் இல்லை. எடுப்பதற்கு ஒரு விதி, காட்டுவதற்கு வேறு விதி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மியூசியத்தின் சொந்த விதி. பாரிஸின் ஓர்சே 2010இல் படம் எடுப்பதைத் தடைசெய்து 2015இல் தளர்த்தியது. லண்டன் நேஷனல் கேலரி 2014இல்தான் அனுமதித்தது. எர்விட்டின் அந்தப் படத்தில் இருக்கும் பிராடோ, பார்வையாளர்கள் கேமராவைத் தூக்குவதைக் கண்டிப்பாகத் தடுக்கும் இடமாகப் பெயர் வாங்கியிருக்கிறது. ஆகவே உள்ளே போகும் முன் வாசலில் இருக்கும் பலகையைப் படித்துவிடுங்கள்.

கேட்டுவிட்டு எடுத்தால்

முன்னாலேயே கேட்டால் முகம் மாறிவிடும். இதில் சந்தேகமே வேண்டாம். "ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்றவுடன் முதுகு நிமிரும், வயிறு உள்ளே போகும், ஓவியத்தை மறந்துவிட்டுக் கேமராவைப் பார்ப்பார். "கேமராவைப் பார்க்கவேண்டாம், ஓவியத்தைப் பாருங்கள்" என்று சொன்னால் இன்னும் மோசம், ஓவியத்தைப் பார்ப்பது போல நடிக்க ஆரம்பித்துவிடுவார்.

அதனால் நான் எடுத்துவிட்டுக் கேட்கும் பக்கம் சாய்ந்தேன். எடுத்த உடனே கிட்டே போய், திரையைத் திருப்பிக் காட்டி, "இப்போது உங்களை எடுத்தேன். வேண்டாமென்றால் இங்கேயே அழித்துவிடுகிறேன்" என்று சொல்வது. முதல் பத்துத் தடவை உள்ளங்கை வியர்க்கும். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு 'எனக்கும் அனுப்புங்கள்' என்பார்கள். சிலர் அழிக்கச் சொல்வார்கள். அவர்கள் கண் முன்னாலேயே அழிக்கவேண்டும், பேரம் பேசக்கூடாது. பிள்ளைகள் என்றால் நான் கூட வந்த பெரியவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுவேன், இதில் மட்டும் விதிவிலக்கு வைத்துக்கொள்வதில்லை.

இந்த வழியில் எனக்குக் கிடைத்தது சம்மதத்தைவிடப் பெரிய ஒன்று. ஒரு பெண், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன வெண்கலச் சிலைக்கு முன்னால் தலையைச் சற்றே சாய்த்து அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சிலையின் தலையும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. எடுத்தவுடன் மனதுக்குள் 'தியானம்' என்று தலைப்பே வைத்துவிட்டேன். காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் சிலையைப் பார்க்கவே இல்லைங்க. பின்னால் என் பையன் எங்கே ஓடுகிறான் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்."

திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒரு சின்ன உருவம் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஏதோ பிரதிபலிப்புக் கோளாறு. வெட்டிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். இப்போது அந்தப் படம் அந்தப் பையனைப் பற்றியது. எந்த நிபுணரும் எனக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது. படத்தில் இருப்பவர்தான் அதன் முதல் விமர்சகர் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். ஆனால் அவர் சொல்வது எதைப் பற்றி என்பதையும் கவனிக்கவேண்டும். அங்கே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். படம் நல்ல படமா என்று அவரால் சொல்ல முடியாது. மூக்கு பெரிதாகத் தெரிகிறது, இந்தப் பக்கம் நான் நன்றாக இருக்கமாட்டேன் என்பார். அது அவர் உரிமை. அதை வைத்துப் படத்தைத் திருத்தப் போகாதீர்கள்.

நிற்கவைத்து எடுத்தால்

இதை முதலில் நான் ஏமாற்று வேலை என்றே நினைத்தேன். ஜெர்மன் புகைப்படக்காரர் தாமஸ் ஸ்ட்ரூத்தின் படங்களைப் பற்றித் தெரிந்தபிறகு கொஞ்சம் இறங்கிவந்தேன். ஸ்ட்ரூத் 1989 முதல் மியூசியங்களில், பெரிய வடிவக் கேமராவைப் போட்டு, வருவோர் போவோரை அப்படியே எடுத்தவர். பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் ஓவியர் ஜெரிக்கோவின் 'மெதூசாவின் தெப்பம்' ஓவியத்துக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை அவர் எடுத்த படத்தில், தெப்பத்தில் குவிந்து கிடப்பவர்களும் தரையில் நிற்பவர்களும் ஒரே கும்பலாகிவிடுவார்கள். அதே மனிதர் பெர்லினின் பெர்கமான் மியூசியத்தில் எடுத்தபோது தானாகக் கிடைத்த படங்களில் திருப்தி வரவில்லை. கடைசியில் ஆட்களை வரவழைத்து இடம் பார்த்து நிற்கவைத்தார். 2004இல் ஃப்ளோரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைக்குப் பக்கத்தில் கேமராவை வைத்து, சிலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும் முகங்களை மட்டும் எடுத்தார். 5 மீட்டருக்கு மேல் உயரமான சிலை, ஆகையால் எல்லோர் வாயும் கொஞ்சம் திறந்திருக்கும். அங்கே யாரையும் நிற்கவைக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்ட்ரூத்துக்கு நிற்கவைக்கக் காரணம் இருந்தது. பெர்கமானின் அவ்வளவு பெரிய கூடத்தில் ஆட்கள் எறும்புபோலச் சிதறிவிடுவார்கள், கட்டமைப்பு வேண்டியிருந்தது. நமக்குப் பெரும்பாலும் காரணம் சோம்பல்தான். நண்பரை அழைத்துப் போய் ஓவியத்துக்கு முன்னால் நிற்கவைத்தால் வருவது நண்பர் படம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு பயன் உண்டு. மியூசியமோ பள்ளியோ விளம்பரத்துக்குக் கேட்டால் இதுதான் பத்திரமான வழி, எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடலாம். அப்போதும் சமீபத்திய கலைஞர்களின் ஓவியம் பின்னால் தெரிந்தால் அதன் காப்புரிமையை வேறு பார்க்கவேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளில் கலைஞர் இறந்து 70 ஆண்டுவரை அது செல்லும்.

எடுத்தாயிற்று, யாரிடம் காட்டுவது?

கட்டைவிரல்களில் ஆரம்பிக்கிறேன், அதுதான் சீக்கிரம் முடியும். லைக் ஒரு கருத்து இல்லை, தலையாட்டல். அதிலும் மியூசியப் படத்துக்கு ஒரு தனித் தொல்லை: வரும் பாராட்டில் பாதி ஓவியருக்குப் போய்ச் சேரவேண்டியது. 'என்ன நிறம்!' என்று ஒருவர் எழுதினால், அந்த நிறத்தைக் கலக்கியவர் எப்போதோ செத்துப்போயிருப்பார். நான் வைத்திருக்கும் சோதனை எளிது. படத்தைக் கையில் எடுத்து ஓவியத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் மனிதரைப் பார்க்க இன்னும் தோன்றுகிறதா? தோன்றினால் அது உங்கள் படம். கோடுபோட்ட சட்டைப் படங்களில் என்னுடையவை ஒன்றுகூட இதில் தேறவில்லை. அவற்றுக்குத்தான் லைக் அதிகம் என்று சொன்னேன் இல்லையா, காரணமும் இதுதான். உள்ளங்கை அளவு திரையில் ஒரு நொடியில் புரிவது ஜோக் மட்டும்தான்.

வீட்டுக்காரர்கள். அவர்களுக்குப் பிடித்திருப்பது நீங்கள். நகர்வோம்.

புகைப்பட கிளப் கொஞ்சம் நேரம் தரத் தக்கது. என் கடல் ஓவியப் படத்தை ஒரு கிளப் போட்டியில் வைத்தேன். திரையில் வந்தது, நடுவர் இரண்டு நொடி பார்த்தார், "முகம் இல்லை, தொடர்பு இல்லை" என்றார், அடுத்த படம் வந்துவிட்டது. கடுப்பானேன். ஆனால் அதே நடுவர் என்னுடைய இன்னொரு படத்தைப் பார்த்து, ஓவியச் சட்டத்தின் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதையும், இரண்டு வகை விளக்கு கலந்து சுவர் பாதி மஞ்சளாகவும் பாதி பச்சையாகவும் வந்திருப்பதையும் காட்டினார். எனக்கு அதுவரை அது கண்ணிலேயே படவில்லை. கிளப்பில் கிடைப்பது கண்ணாடி போட்டுப் பார்க்கும் கருத்து. கோணல், மங்கல், நிறக்கேடு, ஓரத்தில் வெட்டுப்பட்ட முழங்கை எல்லாம் பிடித்துவிடுவார்கள். ஆறு மாதம் அங்கே அடி வாங்கினால் அந்தப் பிழைகள் தானாக நின்றுவிடும். அதற்கப்புறமும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் எல்லோரும் எடுக்கும் படத்தையே நீங்களும் எடுக்க ஆரம்பிப்பீர்கள்.

காசு கொடுத்து நிபுணரிடம் காட்டுவது இன்னொன்று. பிரான்சின் ஆர்ல் நகரில் 1970 முதல் நடக்கும் புகைப்பட விழா, அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1986இல் தொடங்கிய ஃபோட்டோஃபெஸ்ட் மாதிரியான இடங்களில், ஒரு மேசைக்கு எதிரே பதிப்பாளரோ கண்காட்சி அமைப்பாளரோ உட்கார்ந்து உங்கள் படங்களைப் புரட்டிப் பார்ப்பார். இருபது நிமிடம் போலக் கிடைக்கும். அவர்கள் ஒற்றைப் படத்தைப் பார்ப்பதில்லை, வரிசையைப் பார்ப்பார்கள்: ஏழாவது படம் மூன்றாவது சொன்னதையே சொல்கிறதா, எங்கே அலுக்கிறது, இது எங்கே போய்ச் சேரவேண்டிய வேலை. அலேசியோ டி ஆன்ட்ராடே என்ற பிரேசில்காரர் 1964இல் ஆரம்பித்து ஏறக்குறைய 40 ஆண்டுகள் லூவ்ரின் பார்வையாளர்களை எடுத்துக்கொண்டே இருந்தார். அந்த அளவு வேண்டாம், இருபது படமாவது ஒன்றோடொன்று பேசுகிற மாதிரி சேர்ந்தபிறகு இதற்குப் போங்கள். மூன்று நல்ல படத்தோடு போனால் "தொடர்ந்து எடுங்கள்" என்ற வாக்கியத்துக்குத்தான் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள்.

எனக்கு வேலை செய்தது மேசைதான். சாதாரண மேசை. 24 படங்களை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டுப் பரப்பினேன். மூன்று பேரை அழைத்தேன். ஒருவர் படம் எடுப்பவர், ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் தையல் வேலை செய்பவர், கேமராவைத் தொட்டதே இல்லை. முதல் பத்து நிமிடம் நான் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். இது லேசில்லை. 'அது எப்படி நடந்ததென்றால்' என்று நாக்கு நுனிவரை வரும். கதையைச் சொல்லிவிட்டால் அவர்கள் கதையைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்க்கமாட்டார்கள்.

கேள்வியும் முக்கியம். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பார்கள், கேட்டவன் முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வார்கள்? நான் இரண்டே கேள்வி வைத்திருந்தேன். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? இந்த 24இல் ஆறை எடுத்துவிடவேண்டும் என்றால் எந்த ஆறு? இரண்டாவதுதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோருக்கும் தாராள மனசு. விலக்கச் சொன்னதும் காரணம் சொல்லியாகவேண்டும். படம் எடுக்கும் நண்பர் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை, சிவப்புச் சேலைப் பெண் சிவப்புத் திரைச்சீலை ஓவியத்துக்கு முன்னால் நிற்பதை, முதலிலேயே கவிழ்த்து வைத்தார். "இது நீ எடுத்ததில்லை, யார் போனாலும் கிடைக்கும்" என்றார். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் நானே அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.

தையல்காரப் பெண்மணி கடல் ஓவியப் படத்தை மட்டும் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். ஓவியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இவர் கை ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது? பாருங்கள், கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கிறது" என்றார். கட்டைவிரல் போட்ட பதினேழு பேரும் அந்தக் கட்டைவிரலைப் பார்க்கவில்லை. நானும்தான்.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கலாம்? பயண நினைவுக்காக, நான்கு படம் வீட்டோடு வைத்துக்கொள்ளப் போகிறவருக்குத் தெரியாமல் எடுப்பதே போதும், முதுகாக, தூரமாக. கருத்துக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. கை இன்னும் பழகாதவருக்கு அதோடு ஆறு மாதக் கிளப். எங்கேயாவது காட்டப் போகிறேன், ஒரு வரிசை செய்யப் போகிறேன் என்பவருக்கு, எடுத்துவிட்டு உடனே போய்க் காட்டுவதும் மேசையும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் ஊனம்தான். மேசையில் இருப்பவர்களுக்குப் படம் தெரியும், நடந்தது தெரியாது. படத்தில் இருப்பவருக்கு நேர் எதிர். நிற்கவைப்பதை மூன்று பேருக்குமே நான் சொல்லவில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத இன்னொருவர் உண்டு. அறைக் காவலர். நாள் முழுக்க ஒரே அறையில் நின்று, பார்ப்பவர்களைப் பார்ப்பதுதான் அவர் வேலையே. நம்மைவிடப் பல மடங்கு நேரம் அதைச் செய்தவர். ஆனாலும் அவரிடம் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே மேசைக்கு அப்புறம்தான். கடல் ஓவியத்து அறைக்கு பிரிண்டோடு போனேன். அந்தப் படத்தில் முகமே இல்லை என்பதால் எடுத்த அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் கேட்காமலே வந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் விதியை நானே மீறியது. காவலர் முதுகைப் பார்த்ததும் சொன்னார்: "இவரா? வியாழக்கிழமை வருவார் தம்பி. மூன்று மணிக்கு மேலே."

வியாழக்கிழமை போனேன். வந்தார். பிரிண்டைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பின்னால் இவ்வளவு வழுக்கையா எனக்கு?" என்றார் முதலில். அப்புறம் அந்தக் கையைப் பற்றிக் கேட்டேன். வாரா வாரம் வருகிறவருக்கு வரைபடம் எதற்கு?

"இது என்னுடையதில்லை, யாராவது பெஞ்சில் விட்டுவிட்டுப் போவார்கள்" என்றார். "கைக்கு ஏதாவது கொடுத்து வைக்கவேண்டும் தம்பி. இல்லையென்றால் அந்த அலையைத் தொட்டுவிடுவேன்."

மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டேன். முதுகுதானே, காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் கிடந்த வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓவியத்தின் பக்கம் போனார்.